மூன்று ஏ-யின் பச்சை விளக்கு

அந்த வாரம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எண்பத்தெட்டாம் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரம். நாள் கிழமைகளைப் பிசகாமல் வைத்துக்கொள்வது எனக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கும் பித்து. வீட்டில் பழைய நாள்காட்டிகளைக்கூட எறிய விடமாட்டேன். ஆனால் இந்த வாரத்துக்கு நாள்காட்டி தேவையில்லை. எண்ணெய் எடுக்கும் எங்கள் மில்லுக்குச் செம்பனைக் குலைகள் உச்சத்தில் வந்துகொண்டிருந்தன. லோரிகள் மில் வாசலைத் தாண்டி பத்தாங் பெர்ஜுந்தைச் சாலைவரை வரிசை பிடித்து நின்றன. பிற்பகல்தோறும் மழை. அக்கா வீட்டில் முறுக்கு சுட்ட எண்ணெய் வாடை என் வேலைச் சட்டையிலும் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை, தலைமையகத்திலிருந்து வருகிறவர்கள் முன்னால், அக்காவின் கணவர் ஒரு பச்சை விளக்கை நம்பி ஓர் இரும்புக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மில்லுக்கு வரும் குலைகளைச் சக்கரம் வைத்த கூண்டுகளில் நிரப்பி, தண்டவாளத்தில் தள்ளி, நீளமான இரும்புக் கலன்களுக்குள் விட்டுக் கதவை மூடி ஆவியில் வேகவைப்போம். உள்ளே அழுத்தம் நாற்பது பவுண்டு வரை ஏறும். வெந்து முடிந்ததும் ஆவியைப் புகைபோக்கி வழியாக வெளியேற்றி, அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். முன்னதாகத் திறந்தால் கதவு திறக்காது, பாயும். அதன் முன்னால் நிற்கும் ஆளுக்கு நகரக்கூட நேரம் இருக்காது.

அதனால் கதவாளர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆவி வெளியேறத் தொடங்கியதும் ஒரு சுருட்டுக் குடிக்கும் நேரம் காத்திருப்பார்கள். பிறகு கதவின் அடியில் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். சீறல் இல்லையென்றால் கதவைத் தொடுவார்கள். கலன்மேல் அழுத்தமானி ஒன்று இருந்தது. அதன் முள் பாதி நாள் எங்கேயாவது சிக்கிக் கிடக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஆண்டு மில்லுக்குக் கணினித் திரை வந்தது. தோட்டத்து மில்லுக்கு அதெல்லாம் அப்போது அதிசயம். கீழே ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதுதான் கண்ட்ரோலர். வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் அதன் வேலை. அழுத்தம், வெப்பம், எந்த வால்வு திறந்திருக்கிறது என்று அதற்குத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை டேக் என்பார்கள். மேலே அறையில் ஒரு வண்ணத் திரை. அதில் நாமே சிறுசிறு கட்டளைகளை எழுதி வைக்கலாம். இந்தப் பெயரில் இருப்பதைப் படி, அது இப்படி இருந்தால் அந்தப் பெயரில் இதை எழுது என்று. அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். நான் மில்லின் மின்சாரப் பகுதியில் இருந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்னப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். கதைப் புத்தகமும் சரித்திரப் புத்தகமும் படித்துக்கொண்டிருந்தவனுக்கு இது புது மொழியாக இருந்தது. படித்தால் விடை வருகிறது, எழுதினால் இரும்பு அசைகிறது. அப்படி ஒரு மொழியை அதுவரை நான் பார்த்ததில்லை.

திரையை அமைக்க வந்த ஆஸ்திரேலிய இன்ஜினியர் போகுமுன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு பச்சை விளக்கு. ஆவியை வெளியேற்றும் கடைசிக் கட்டம் தொடங்கிவிட்டதா, அழுத்தம் பூஜ்யமா என்று ஸ்கிரிப்ட் பார்க்கும். இரண்டும் ஆம் என்றால் விளக்கு எரியும். எரிந்தால் கதவைத் திறக்கலாம், காத்திருக்கவும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஒரு வாரம் சும்மா எரியவிட்டுப் பார்ப்பது, வேலை பழைய முறையிலேயே நடப்பது, திங்கள் முதல் விளக்கை வைத்தே திறப்பது என்று முடிவானது.

திங்களன்று திறந்து காட்ட மச்சானைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். கதவு வேலையில் கெட்டிக்காரர், வாயும் நீளம். இது நல்லபடியாக முடிந்தால் அந்த ஷிப்டை மேற்பார்க்கும் மண்டோர் ஆக்குவதாகப் பேச்சு. அக்கா யாரிடமும் சொல்லாமல் சந்தோஷமாக இருந்தாள்.

"உன் டிவிப் பெட்டியில எல்லாத்தையும்விட மூனு ஏ-தான் சூரன்லா," என்றார் மச்சான் ஒரு மாலை. "மத்த மூனுலயும் நான் நின்னு நின்னு கால் வலிச்ச பிறகுதான் பச்சை வருது. மூனு ஏ-யில ஆவி விட்ட உடனே பச்சை. திங்கக்கிழம அதைத்தான் தொறந்து காட்டப் போறேன்."

"ஏன் அது மட்டும் சீக்கிரம்?"

"புகைபோக்கிக்குப் பக்கத்துல இருக்கு. சட்டுன்னு போயிடுது. இதுகூடத் தெரியாதா? படிச்சவன்னு சொல்லிக்காதடா வெளியில."

எங்கள் மில்லில் நான்கு என்ற எண்ணில் கலன் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று ஏ. மில்லைக் கட்டிய குத்தகைக்காரர் சீனர். சீன மொழியில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி, இவ்வளவு ஆபத்தான ஒன்றின்மேல் நான்கு என்று வண்ணம் பூச அவர் சம்மதிக்கவில்லை. இந்த நாட்டில் பிறந்த எவனுக்கும் அது புதிதல்ல. அடுக்குமாடியிலும் கடை வரிசையிலும் மூன்றுக்கு அடுத்தது மூன்று ஏ. நாங்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

புகைபோக்கி விளக்கம் எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. எனக்கு மட்டும் உறுத்தியது. ஏனென்று சொல்லத் தெரியவில்லை. விளக்குகள் கதவுப் பக்கம், மச்சான் கண்ணில் படுபவை. திரை மேல் அறையில், என் கண்ணில் படுவது. அவர் பார்ப்பதை நான் பார்ப்பதில்லை, நான் பார்ப்பதை அவர் பார்ப்பதில்லை. திரையில் நான்கு கலன்களின் அழுத்தமும் கோடுகளாக இறங்கும். மூன்று ஏ-யின் கோடு மற்றவற்றைப் போலத்தான், சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. வேகமாகப் போகிறது என்று அவர் சொல்கிறார், போகவில்லை என்கிறது கோடு. காதால் கேட்டு முடிவு செய்யவும் வழியில்லை. நான்கு கலன்களுக்கும் சேர்த்து ஒரே புகைபோக்கி, எது இரைகிறது என்று யாரால் சொல்ல முடியும்?

ஒருவேளை அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். மிகைப்படுத்துவது அவர் சுபாவம். அப்படி நினைத்து உட்காருவேன், உடனே எழுந்துவிடுவேன். ஸ்கிரிப்டைத் திரையில் கொண்டுவந்து படிப்பேன். சின்னதாக, சுத்தமாக இருக்கும். பிழை கண்ணில் படாது. மூடிவிட்டு லோரி எடை போடும் இடம்வரை நடப்பேன், திரும்பி வருவேன். புத்தகம் எடுத்தால் ஒரே பக்கத்தில் கண் நிற்கும். வெள்ளி போனது, சனி போனது.

ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு ஓய்வு. தீபாவளிக்கு வரும் உறவுக்காரர்களுக்கு நண்டு வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். இருவரும் என் மோட்டார் சைக்கிளில் சுங்கை செம்பிலாங் போனோம். போகும் வழியெல்லாம் மச்சான் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். மண்டோர் ஆனால் என்ன சட்டை போடுவது, யாரை முதலில் விரட்டுவது. என் காதில் பாதிதான் விழுந்தது.

நண்டு வாங்கி முடித்ததும் படகுத்துறை அருகே ஒரு சீனர் கடையில் பசியாற உட்கார்ந்தோம். கூட்டம். கடைக்காரம்மா தூரத்தில் இருந்தாள். நான் எழுந்து போய் இரண்டு தட்டு மீ கோரெங், இரண்டு கோப்பி, நான்காம் மேசை என்று மலாயில் சொல்லிவிட்டு வந்தேன். சுவரோரமாக எண்ணிப் பார்த்தால் எங்களுடையது நான்காவது. அவள் தலையசைத்து, துண்டுச் சீட்டில் எழுதி அடுப்பங்கரைச் சன்னலில் குத்தினாள்.

வரவில்லை. எங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு வந்தது. அவர்கள் தின்று முடித்துப் பல் குத்தினார்கள். நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"பொறுடா," என்றார் மச்சான். "ஒரு தட்டு மீக்கு இந்த ஆட்டம் ஆடுறவன் கல்யாணம் கட்டி என்னா செய்யப் போற?"

"யாரும் ஒன்னும் கேக்கல மச்சான். இல்லைன்னும் சொல்லல. வந்து கேட்டாலாவது பரவாயில்ல."

கடைசியில் கடைக்காரம்மாவே வந்தாள். நான் ஆர்டரைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "மேஜா அம்பாட்? மானா அடா!" நான்காம் மேசை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மேசையின் ஓரத்தைத் தட்டிக் காட்டினாள். சிவப்பு வண்ணத்தில் மூன்று ஏ என்று எழுதியிருந்தது. சீட்டு சன்னலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அவள் காதில் விழுந்ததை எழுதிவிட்டாள், சமைக்கிறவர் நான்காம் மேசை என்று எதையும் கண்டதில்லை, ஒதுக்கிவைத்துவிட்டார். யாரும் தவறு என்று கத்தவில்லை. இல்லாத மேசைக்கு ஒன்றும் போகவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தேன்.

"கெளம்புங்க," என்றேன்.

"மீ?"

"கெளம்புங்க மச்சான்!"

கோலசிலாங்கூர் தாண்டி கம்போங் குவாந்தான் வளைவுவரை வண்டியின் வேகத்தை நான் குறைக்கவில்லை. நண்டுப் பை அவர் மடியில் அசைந்துகொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கலாம் என்று அவர் கத்தினார், நான் ஒதுங்கவில்லை. நனைந்தபடி நேராக மில்லுக்குப் போனோம்.

திரையில் ஸ்கிரிப்டைக் கொண்டுவந்தேன். இப்போது அது வேறு மாதிரி தெரிந்தது. ஒன்றிலிருந்து நான்கு வரை எண்ணு, பி என்ற எழுத்தோடு அந்த எண்ணைச் சேர், அந்தப் பெயரில் உள்ள அழுத்தத்தைப் படி. ஆஸ்திரேலியர் தன் வரைபடத்தைப் பார்த்து எழுதியது, அதில் கலன்கள் ஒன்று முதல் நான்கு. கண்ட்ரோலரில் பெயர் வைத்தவரோ கோலாலம்பூரிலிருந்து வந்த உள்ளூர்க்காரர். கலன்மேல் எழுதியிருந்ததைப் பார்த்து வைத்தார்: பி1, பி2, பி3, பி3ஏ. பி4 என்று அங்கே எதுவும் இல்லை. வேகவைக்கும் கட்டங்களை மட்டும் கண்ட்ரோலர் பெயரில்லாமல் வரிசைப்படி வைத்திருந்தது, அதில் நான்காம் இடம் உண்டு. விளக்குகளும் பெட்டியில் அச்சிட்டபடியே ஒன்று முதல் நான்கு.

பி4-ஐப் படி என்று தட்டினேன். பூஜ்யம் என்றது திரை. என் பெயரின் முதல் எழுத்துகளை ஒரு டேக் போலத் தட்டிப் படிக்கச் சொன்னேன். அதற்கும் பூஜ்யம். இல்லாததைக் கேட்டால் இல்லை என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. இந்த ஸ்கிரிப்டுக்கோ பூஜ்யம் என்றால் கதவைத் திற என்று பொருள்.

மூன்று ஏ அப்போது வெந்துகொண்டிருந்தது. மச்சானைக் கதவுப் பக்கத்துத் தொலைபேசியில் நிற்கச் சொல்லிவிட்டு நான் திரை முன்னால் நின்றேன். கடைசிக் கட்டம் தொடங்கியது.

"பச்சை வந்துடுச்சு," என்றார் போனில், உற்சாகமாக. "நான்தான் சொன்னேனே, சூரன்னு."

திரையில் அழுத்தம் முப்பத்தெட்டு பவுண்டு.

"கதவத் தொடாதீங்க. ஓரமா நின்னு சின்னக் குழாயத் தொறங்க. கொஞ்சமா."

போனில் வந்த சீறலை நான் இன்றுவரை மறக்கவில்லை. காதிலிருந்து எடுத்த பிறகும் அறை முழுக்கக் கேட்டது. பிறகு குழாயை மூடும் சத்தம். பிறகு எதுவும் இல்லை. ரிசீவர் கம்பியில் தொங்கிச் சுவரில் இடிக்கும் ஓசை மட்டும்.

நான் இறங்கி ஓடினேன். மச்சான் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நேத்து," என்றார். "சும்மா பழகிப் பாக்கலாம்னு பச்சை வந்த உடனே கைப்பிடியில கை வச்சேன்டா. அப்பதான் கூண்டு இழுக்கிற டிராக்டர் வரலைன்னு கூப்பிட்டாங்க. போயிட்டேன்."

எழுந்தார். நன்றி சொல்வார் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்களுக்கு மச்சானைத் தெரியாது. "ஒரு வாரமா உனக்குத் தோணுச்சுல்ல? தோணினப்பவே சொல்றதுக்கென்னா? இப்ப வந்து, நாளைக்கு அவங்க வர்றப்ப... என் மண்டோர் வேலைக்குக் கொள்ளி வச்சிட்டியேடா."

மில் இன்ஜினியர் ஈப்போக்காரர், சீனர். தோட்டத்து மேட்டுக் குடியிருப்பிலிருந்து சிலிப்பரோடு வந்தார். நான் ஆங்கிலத்தில் பாதி, மலாயில் பாதி சொன்னேன். பி4 என்று தட்டிக் காட்டினேன். அவர் புரிந்துகொள்ள என் விளக்கம் தேவைப்படவில்லை.

"என் வீடும் மூன்று ஏ-தான்," என்றார் மெதுவாக. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். விளக்குகள் தயார் என்று அவர் ஏற்கெனவே தலைமையகத்துக்கு எழுதியாகிவிட்டது. ஸ்கிரிப்டை எழுதியவர் கடல் கடந்து போய்விட்டார்.

"உன்னால் மாற்ற முடியுமா?"

"முடியும்."

"சரியாக இருக்குமா?"

"ஒவ்வொரு விளக்கையும் நாமே குழாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்," என்றேன்.

அந்த விடை அவருக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். எழுது என்றார்.

எண்ணுவதை எடுத்துவிட்டு நான்கு பெயர்களையும் தனித்தனியாக எழுதினேன். அது மட்டும் எனக்குப் போதவில்லை. அழுத்தத்தை அளக்கும் கருவி, கலன் காலியாக இருந்தாலும், உயிரோடு இருக்கும்வரை ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றுமே வரவில்லை என்றால் கருவி செத்துவிட்டது, அல்லது அந்தப் பெயரில் எதுவுமே இல்லை. ஆகவே ஸ்கிரிப்ட் முதலில் அந்த மின்னோட்டத்தைப் படிக்க வேண்டும். அது இல்லையென்றால் விளக்குக்கு அணை என்று எழுத வேண்டும். அது இருந்தால்தான் பூஜ்யத்தை நம்பலாம். எழுதி முடித்து, ஒவ்வொரு கலனாக, விளக்கு வரும்வரை நின்று, வந்ததும் குழாயைத் திறந்து பார்த்தோம். மச்சான்தான் திறந்தார். என்னோடு பேசவில்லை.

திங்களன்று தலைமையகத்திலிருந்து நால்வர் வந்தார்கள், வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு. மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில் மூன்று ஏ-யின் பக்கவாட்டில் நின்றார். நான் மேலே திரையில் இருக்க வேண்டியவன், இருக்க முடியாமல் படிக்கட்டில் நின்றேன். ஆவி இரைந்தது. பச்சை வரவில்லை. போன வாரம் இது சீக்கிரம் வந்தது என்றார்களே என்று ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஜினியர் விளக்கைப் பார்த்தார். இன்னும் வரவில்லை. நான் எழுதியதை வரிவரியாக மனத்தில் ஓட்டினேன், ஒவ்வொரு வரியிலும் பிழை இருப்பதாகத் தோன்றியது.

பச்சை வந்தது.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். விளக்கு வந்தால் திறக்க வேண்டும், அதைக் காட்டத்தான் அவர் அங்கே நின்றார். அவர் குனிந்தார். சின்னக் குழாயைத் திறந்தார். சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் தண்ணீர் விழுந்தது, சீறல் இல்லை. அதன்முன் புறங்கையை நீட்டி, வேண்டுமென்றே நேரமெடுத்துப் பார்த்தார். பிறகுதான் கைப்பிடியைச் சுற்றினார்.

"அது இனிமேல் தேவையில்லை என்றுதானே ஏற்பாடு?" என்று தொப்பிக்காரர் ஒருவர் கேட்டார்.

மச்சானுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கேள்வி புரிந்திருந்தது. மலாயில் சொன்னார்: "விளக்கு உங்களுக்கு. குழாய் எனக்கு."

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் மட்டும் புகைபோக்கியைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாயைத் திறந்து பார்க்கும் வழக்கம் நிற்கவில்லை. விளக்கு காத்திருப்பதைக் குறைத்தது, அத்தோடு சரி. அந்தத் தீபாவளிக்கு மண்டோர் வேலை அடுத்த ஷிப்டில் இருந்த இன்னொருவருக்குப் போனது. மச்சானுக்குக் கிடைத்தது மறு ஆண்டு, நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு.

தீபாவளி காலையில் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவர் இன்னும் என்னோடு பேசத் தொடங்கியிருக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆட்டிறைச்சி குக்கரில் வெந்துகொண்டிருந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு மூடியில் கை வைத்தாள்.

"ஏய், இரு இரு," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "உன் தம்பி நிக்கிறான்ல? அவன் முதல்ல அந்தக் குக்கர் பேரக் கேட்டுட்டு வரட்டும். அப்புறம் தொற."

அக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் ஒரு கரண்டியை எடுத்து, மூடிமேல் இருந்த விசில் குண்டை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். சீறியது. விட்டுவிட்டேன்.

"இன்னும் இருக்கு மச்சான்," என்றேன்.

"எனக்குத் தெரியும்லா," என்றார். "வந்து உக்காரு. நிக்காத சும்மா."